கடைசி ஆட்டத்திலும் காட்டிக்கொடுக்க மாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும், இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் அது முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கில் அப்பாவின் இடது முழங்காலும் உன்மேல் எனக்கிருக்கும் கோபமும் சேரும். அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. அதற்கப்புறம் நாம் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு சரி, வழக்குப் பேச்சை எடுத்தாலே வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறாய். சரி, குறுக்கே பேச முடியாத இடத்தில் பேசிக்கொள்கிறேன் என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். பாதியில் நீ இதையும் கீழே வைக்கலாம், ஆனால் மீதி அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பி மறுபடியும் ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டான், தேர்வு வைத்தவருக்குத்தான் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சமையலறைக் குழாயைச் சரி பண்ணியாயிற்று, இப்போது சொட்டுவது குளியலறையில். மாடிப்படி விளக்கு போய் ரொம்ப நாளாக இருட்டு. எல்லா மாடிக்காரர்களுக்கும் வெளிச்சம் வேண்டும், பல்பு வாங்க மட்டும் ஆள் கிடையாது, யாராவது வாங்குவார்கள் என்று எல்லோரும் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினோம். கடைசியில் முழங்கால் வலியோடு அப்பாதான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். அதோடு விட்டாரா? அடுத்த பல்பு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக் கதவு எண்ணைப் பல்பின் மேலேயே கறுப்பு மையில் எழுதிவிட்டார். பொழுது சாய்ந்தால் அந்த எண் சுவரில் பெரிதாக நிழல் விழுகிறது. இரண்டாம் மாடி டீச்சர் இறங்கி வந்து, "எங்க வீட்டு நம்பரை எதுக்கு சார் சினிமா காட்டுறீங்க" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, நேரே கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி இப்போதே கையிருப்பு வைத்துக்கொண்டார் என்று கேள்வி. நீ உன் மாணவர்களுக்கு ஆட்டக் கோட்பாடு நடத்தும்போது இதையும் சேர்த்துக்கொள், அப்பா தன் பேரைச் சொல்ல வேண்டாம், நேரில் பார்க்கும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். உனக்குப் பாதி தெரியும், மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவரும் படிப்பார் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நான் செய்தி எடுக்கப் போகும் நீதிமன்றத்தில் நான்கு அறைகளில் ஒரே நேரத்தில் வழக்குகள் நடக்கும். ஒரு பத்திரிகைக்கு ஒரு நிருபர்தான், ஒரு ஆள் நான்கு அறையில் உட்கார முடியாது. அதனால் போட்டிப் பத்திரிகைக்காரர்கள் நான்கு பேரும் காலையில் ஆளுக்கு ஓர் அறையைப் பிரித்துக்கொள்வோம். மதியம் படிக்கட்டுக்குக் கீழே, தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் கூடி ஒவ்வொருவரும் தம் குறிப்பை உரக்க வாசிப்போம், மற்றவர்கள் எழுதிக்கொள்வோம். நால்வரும் வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் செய்தி அனுப்பக் கூடாது. அறைக்கு வெளியே ஓடிப் பிடித்தது அவரவர் சொத்து, அறைக்குள் காதில் விழுந்தது பெஞ்சின் சொத்து. தப்பு வந்தால் அதுவும் பெஞ்சின் தப்பு. நால்வரும் திருத்தம் போடுவோம், யாருடைய குறிப்பில் வந்தது என்று வெளியே மூச்சு விடமாட்டோம். இதற்குச் சட்டம் கிடையாது, சாட்சி கிடையாது, ஆசிரியர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். நீ இதைக் கூட்டுக் களவு என்றாய், நான்கு பேப்பர் வாங்கிப் படிக்கிறவன் நான்கு பேர் நேரில் கேட்டதாக நம்புகிறானே என்றாய். அது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் களவு இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் மூன்று அறைகளில் நடப்பது ஊருக்குத் தெரியாமலே போகும், அதையும் உன் கணக்கில் போட்டுக்கொள்.

அந்தப் பெஞ்சில் இருக்கும் மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மாலைக்காரர், மாலைப் பத்திரிகைக்காரர். இன்னொருவர் ரேடியோ, வாயை மூடத் தெரியாதவர் என்பதால் அந்தப் பேர். மூன்றாமவள் வேகம், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண், இரண்டு கட்டைவிரலால் ஃபோனில் அடிக்கிற அடியைப் பார்த்தால் எனக்கு மணிக்கட்டு வலிக்கும். இதில் மாலைக்காரரை எனக்கு ஆகாது என்பது உனக்கு நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே தெரியும். காற்று வருகிற ஓரத்தில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு, நான் போய் நின்றால், "உக்காருங்க மேடம், பை என்னுதுதான், காத்து பொதுவானது" என்பார். நான் நல்லதாக ஒன்று எழுதிவிட்டால், "இன்னைக்குத் தீர்ப்பே மேடம்தான் எழுதினாங்களாம், நீதிபதி கையெழுத்து மட்டும் போட்டாராம்" என்று தாழ்வாரம் முழுக்கப் பரப்புவார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. ஒரு பொய்க் குறிப்பும் வாசித்ததில்லை.

துணிக் கிடங்குத் தீ விபத்து வழக்கு நடக்கிறது. பின்கதவு பூட்டியிருந்தது, உள்ளே வேலை செய்த மூன்று பேர் வெளியே வரவில்லை. ஒரு நாள் காவலாளியைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள், அந்த அறை மாலைக்காரருடையது. "முதலாளி சொல்லித்தான் பூட்டினாயா" என்று செத்தவர்கள் தரப்பு வழக்கறிஞர் கேட்டார். காவலாளி வாய் திறப்பதற்குள் நீதிபதி அந்தக் கேள்வியே கூடாது என்று தள்ளிவிட்டார். நாங்கள் கேள்வி என்றால் ஓரத்தில் ஒரு கோடு இழுப்போம், பதில் என்றால் கோடு இருக்காது. மாலைக்காரர் அவசரத்தில் கோடு இழுக்க மறந்திருக்கிறார், மதியம் அதைப் பதில் என்று வாசித்துவிட்டார். நாங்களும் எழுதிக்கொண்டோம். அன்று மாலை அவர் பத்திரிகையிலும் மறுநாள் காலை எங்கள் மூவர் பத்திரிகையிலும் முதலாளி சொல்லித்தான் பூட்டினேன் என்று காவலாளி சாட்சி சொன்னதாகக் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. தப்பு, பெரிய தப்பு. அடுத்த நாளே நான்கு பத்திரிகையும் முதல் பக்கத்தில் திருத்தம் போட்டு வருத்தம் தெரிவித்தன. இதில் நான் மறைக்க ஒன்றுமில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிடங்குக் கம்பெனிக்குத் திருத்தம் தேவைப்படவில்லை, ஆள் தேவைப்பட்டது. அவர்களுடைய வக்கீல் எங்கள் நால்வருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார். நாங்கள் கூடிப் பேசி அவதூறு செய்தோம் என்று மானநஷ்ட வழக்குப் போடப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் யார் முந்திக்கொண்டு, அந்தக் குறிப்பு இன்னாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் பேரை விட்டுவிடுவார்களாம், மற்ற மூவர்மேலும் வழக்கு. நான் தாழ்வாரத்தில் போகும்போது அந்த வக்கீல் கூடவே நடந்து வந்து, குரலில் தேனைத் தடவி, "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், அந்த மாலைப் பத்திரிகைக்காரர் உங்க பேரைச் சொல்லிட்டாரு, இனிமே நீங்க பாத்துக்கங்க" என்றார். எழுத்தில் கொடுத்திருக்கிறாரா, காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் இப்ப காட்ட முடியாதும்மா" என்றார். "நீங்க காட்ட முடியாததை நான் செய்தியாவே எடுக்க மாட்டேன், சத்தியமாவா எடுத்துப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தேனே தவிர, பொய் சொல்லக் கூடாது, சந்தேகமும் கூடவே வந்தது. மாலைக்காரர் தன் தப்பை என் தலையில் கட்டியிருப்பாரோ, செய்யக்கூடிய ஆள்தானே என்று ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது.

அலுவலகத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. "மேடம், வருஷக் கடைசியில ஓய்வு பெறப்போறீங்க, போற நேரத்துல எதுக்கு இந்தத் தலைவலி, ஒரு கையெழுத்து, பேப்பரும் தப்பிக்கும் நீங்களும் தப்பிப்பீங்க" என்றார். போடாவிட்டால் என்று கேட்டேன். பேப்பர் எனக்காக வக்கீல் வைக்காது, வழக்கு முடியும்வரை என் ஓய்வுப் பணமும் நிற்கும், விசாரணை நாட்களில் ஊரைவிட்டு நகர முடியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் வலித்தது, ஏனென்றால் உன் பிரசவத்துக்கு நான் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதைத்தான் அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். நீ பதிலுக்குச் சொன்னதை நிருபர் மாதிரியே குறித்து வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் திருத்து. இரண்டு பேரைத் தனித்தனி அறையில் அடைத்துவைத்துப் பேரம் பேசுகிறார்கள். இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் கொஞ்சம் தண்டனை. ஒருவன் காட்டிக்கொடுத்து மற்றவன் வாய் திறக்காவிட்டால் காட்டிக்கொடுத்தவன் வீட்டுக்குப் போகலாம், மற்றவன் தலையில் மொத்தமும் விழும். இருவருமே காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் பலமான தண்டனை. எதிராளி என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு லாபம் என்று இருவரும் சரியாகவே யோசித்து, இருவரும் சேர்ந்தே கெட்டுப்போவார்கள். ஆனால் அதே இருவர் நாளைக்கும் மறுநாளும் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள் என்றால் கதை வேறு, இன்று நான் செய்ததற்கு நாளை நீ திருப்பிச் செய்வாய் என்ற பயமும் ஆசையும்தான் நம்பிக்கையாக வளர்கிறது என்றாய். எங்கள் பெஞ்சு இத்தனை காலம் நின்றது அதனால்தான் என்றாய். ஆனால் கடைசி நாள் எது என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு ஏமாற்றியவனைத் திருப்பி அடிக்க மறுநாள் கிடையாது. கடைசி நாள் ஏமாற்றுதான் என்று ஆகிவிட்டால் அதற்கு முந்தின நாள் யோக்கியனாக இருந்து என்ன லாபம், அதற்கு முந்தின நாள் மட்டும் என்ன, இப்படி ஓரத்து நூலை இழுத்தால் முழுச் சட்டையும் பிரிவது போல முதல் நாள்வரை பிரிந்துவிடும் என்றாய். அப்புறம், "உனக்கு இது கடைசி ரவுண்டும்மா, வருஷம் முடிஞ்சா அந்தப் பெஞ்சுக்கு நீ திரும்பப் போகப்போறதே இல்ல, யாராலயும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது, போட்டுட்டு வா, எனக்கு நீ வேணும்" என்றாய். எனக்கு நீ வேணும் என்றதற்குக் கோட்பாடு தேவையில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. மற்றதற்கெல்லாம் இருக்கிறது, அதை நான் சொல்ல ஆரம்பித்தபோதுதான் நீ ஃபோனை வைத்தாய்.

நீ பாடம் நடத்த வரைகிற கட்டத்தில் இரண்டு கைதிகளை மட்டும் போடுகிறாய். அறையைப் பூட்டிவிட்டு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடக்கிறானே ஒருவன், அவனை ஏன் கட்டத்தில் போடுவதில்லை? ஆட்டத்தை எழுதியவன் அவன்தான். முந்தினவருக்கு மட்டும் விடுதலை என்று விதி வைத்தவன் அவன், மற்றவர்களோடு பேசாதே என்று சுவர் எழுப்பியவன் அவன், ஜெயிக்கப் போகிறவனும் அவன் ஒருவன்தான். கம்பெனிக்கு என் கையெழுத்து எதற்கு? மானம் போய்விட்டதென்றா? அந்தத் தீ வழக்கு நடக்கும் அறையில் இனிமேல் எந்த நிருபரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவனை நம்பக் கூடாது, அதற்குத்தான். அவன் எழுதிய ஆட்டத்தில் எது புத்திசாலித்தனமான நகர்வு என்று என் மகள் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள். நான் அந்த ஆட்டத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறேன், அதற்கு உன் கட்டத்தில் இடம் இல்லாவிட்டால் கட்டத்தைப் பெரிதாகப் போடு.

நீ ஃபோனை வைத்த மறுநாள் மதியம் நான் பெஞ்சுக்குப் போனதும் குறிப்பு வாசிப்பதற்கு முன்னால், வக்கீல் என்னிடம் சொன்னதைச் சொன்னபடியே எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டேன். மாலைக்காரர் டீயை வாயில் வைத்தவர் துப்பாத குறை. "நானா? என்கிட்ட நீங்கதான் என் பேரைச் சொல்லிட்டதாச் சொன்னான்! மேடத்துக்கு என்மேல இருக்கிற பாசத்துக்கு, சொல்லியிருப்பாங்கன்னே நெனச்சேன்" என்றார். வேகம், தன்னிடம் ரேடியோ சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள் என்றாள். ரேடியோவிடம் வேகம் சொல்லிவிட்டதாம். ஒரு பொய்யை நான்காக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். சிரித்தோம் பார், படிக்கட்டில் இறங்கிய குமாஸ்தாக்கள் நின்று பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் மாலைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, என் குறிப்பு, நானே போய் என்னுதுன்னு சொல்லிடறேன், உங்க யாருக்கும் தொல்லை வேணாம்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்காதே, கோபம்தான் வந்தது. கூடாது என்றேன். இன்றைக்குத் தப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் வந்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொரு தப்புக்கும் சொந்தக்காரரைத் தேடுவார்கள். அப்புறம் இந்தப் பெஞ்சில் யாரும் காதில் விழுந்ததை வாசிக்க மாட்டார்கள், தனக்கு ஆபத்தில்லாததை மட்டும் வாசிப்பார்கள். தீ வழக்கில் ஆபத்தில்லாதது என்று என்ன இருக்கிறது, வானிலையா? வேகம் என் பக்கம் திரும்பி, "ஒப்பந்தக்காரி, மொதல்ல ஓடிடுவான்னு என்னைத்தான் குறி வெச்சிருப்பாங்க இல்லக்கா? வெக்கட்டும்" என்றாள். பிழை எங்களுடையது, திருத்திவிட்டோம், இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று நால்வரும் ஒரே வாசகத்தைத் தனித்தனியாகக் கொடுப்பது என்று முடிவு. யாரையும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அறைக் கதவு சாத்திய பிறகு சத்தியத்துக்குக் காவல் யார்?

வெள்ளிக்கிழமை மூன்று பேர் அதே வாசகத்தைக் கொடுத்தோம். ரேடியோ கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருடைய ஆசிரியர் அறையில் எல்லாம் முன்பே அடித்துத் தயாராக இருந்ததாம், கீழே பேர் மட்டும் போட வேண்டியிருந்ததாம். குறிப்பு மாலைக்காரருடையது என்று ரேடியோ எழுதிக் கொடுத்துவிட்டார். உடனே நீ உன் கோட்பாடு பலித்ததென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நால்வரில் மூவர் நின்றோம் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எங்கள் மூவர்மேலும் வழக்கு வந்துவிட்டது. ஆசிரியர் சொன்ன மாதிரியே என் ஓய்வுப் பணம் நின்றது, பேப்பர் கையை விரித்தது, வேகத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் தீ வழக்கு மறுபடி எடுத்த அன்று அந்த அறையில் நிருபர்கள் வரிசை காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்த கம்பெனி வக்கீல், அன்றைக்கு மட்டும் மற்ற அறைகளை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மாலைக்காரர் அவருக்கு ஒரு வணக்கம் வேறு வைத்தார். நான் அத்தனை பெரிய வணக்கம் பார்த்ததில்லை.

இனி ரேடியோ விஷயம். திங்கட்கிழமை அவர் பெஞ்சுக்கு வரவில்லை. தேநீர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். பேசாத ரேடியோவைப் பார்ப்பதே ஒரு மாதிரி இருந்தது. வேகம், "இனிமே இந்தாளு மூஞ்சிலயே முழிக்கக் கூடாது, ஒரு வரி கொடுக்கக் கூடாது, எப்பவும்" என்றாள். மாலைக்காரர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அப்போது நான் உன் பாடத்தைத்தான் சொன்னேன். அடித்தவனைத் திருப்பி அடிக்காவிட்டால் ஏமாளி, அடித்துக்கொண்டே இருந்தால் இருவருக்கும் நாசம், ஒரு அடிக்கு ஒரு அடி, அதற்கப்புறம் அவன் கையை நீட்டினால் நாமும் நீட்ட வேண்டும், பெரிய பெரிய கணக்குப் புலிகள் போட்டிவைத்துப் பார்த்ததில் அந்த மாதிரி ஆட்டம்தான் நன்றாக நின்றது என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே. மாலைக்காரர் வாயைத் திறந்தார். "மேடம் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும், புத்தி அப்பா பக்கத்துல இருந்து வந்திருக்கும்" என்றார். அன்று ரேடியோவுக்கு ஒருவரும் வாசிக்கவில்லை. மறுநாள் அவருடைய பத்திரிகையில் மூன்று அறைச் செய்தி இல்லை, அவர் ஆசிரியர் கத்தியது தெருவரைக்கும் கேட்டதாம். அன்று மதியம் ரேடியோ தானாகவே பெஞ்சின் முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தன் அறைக் குறிப்பை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசித்தார். கேள்விகளுக்குக் கேள்வி என்றும் பதில்களுக்குப் பதில் என்றும் சொல்லிச் சொல்லி வாசித்தார். திருப்பி ஒன்றும் கேட்காமல் நின்றார். "வீட்டுல ரெண்டு பொண்ணுங்கக்கா" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். மாலைக்காரர் ஓரத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடம் காலியானது. ரேடியோ உட்கார்ந்தார். நான் என் குறிப்பை வாசித்தேன்.

நீ கேட்கலாம், அந்த மாலைக்காரருக்காகவா பேத்தியையோ பேரனையோ பார்க்காமல் இருக்கப் போகிறாய் என்று. அவருக்காக இல்லை. பிடித்தவர்களை மட்டும்தான் நம்ப முடியும் என்றால் அதற்குப் பேர் பாசம், அது வீட்டோடு சரி. பிடிக்காத ஆளோடு சேர்ந்து ஒரு வேலையை நேராகச் செய்ய முடிந்தால்தான் வெளியே உலகம் நடக்கும். இன்னொன்று, கடைசி நாளில் ஏமாற்றுவார்கள் என்று தெரிந்தால் முதல் நாள்வரை பிரிந்துவிடும் என்றாயே, அந்த நூலை நான் இந்தப் பக்கத்திலிருந்து பிடித்துப் பார்த்தேன். கடைசி நாளில் ஒருத்தி ஏமாற்றாமல் போனாள் என்று பெஞ்சுக்குத் தெரிந்தால் பிரிவதற்கு ஆரம்பமே கிடையாதே. அப்போது அதற்கு முந்தின நாள் நிற்கும், அதற்கு முந்தினதும் நிற்கும், நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாள்வரைக்கும் எல்லாம் நிற்கும். யாராலும் என்னை ஒன்றும் பண்ண முடியாது என்ற நாளில் நான் என்ன செய்கிறேனோ அதுதான் நான். அதைக் கம்பெனி வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்கினால், வாங்குகிற கை யாருடையது?

விசாரணைத் தேதி வந்துவிட்டது. டாக்டர் உனக்குச் சொன்ன அதே வாரம். நேரே பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன், நான் வரவில்லை. அதற்கு நீ என்னைத் திட்டு, அழு, இரண்டையும் செய், ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லாதே. அப்பா வருகிறார். அவர் இதுவரை இந்த ஊரைவிட்டுப் போனதில்லை, உனக்குப் பத்தியச் சாப்பாடு வைக்கத் தெரியாது, குழந்தையைத் தூக்கச் சொன்னால் கருவிப்பெட்டியைத் தூக்குவது மாதிரி தூக்குவார். நான் கவலைப்பட்டுச் சொன்னதற்கு, ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர் இல்லையா, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட எத்தனை பேரைப் பத்திரமா வெளியே எடுத்துவிட்டிருக்கேன், ஒரு குழந்தை வெளியே வர்றப்ப பக்கத்துல நிக்க மாட்டேனா" என்கிறார். முழங்காலுக்குத் தினமும் பயிற்சி செய்கிறார். துணைக்கு ஆள் வேண்டும் என்று நீ கேட்டாய், வாக்குக் கொடுத்தது நான், நிறைவேற்றுவது அவர். இதில் நான் உனக்குக் கடன்பட்டவள்தான், அதை வழக்கு முடிந்ததும் வந்து தீர்ப்பேன், குழந்தை தவழும்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இதைப் படித்து நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே சொல்கிறேன். எங்கள் வழக்கு நடக்கும் நாளில் அந்த அறையில் யார் குறிப்பு எடுப்பது என்று பேச்சு வந்தது. நான், மாலைக்காரர், வேகம் மூவரும் எதிர்த்தரப்பு, எங்கள் வழக்கை நாங்களே எழுத முடியாது. நிருபர் வரிசையில் உட்காரக்கூடியவர் வழக்கிலிருந்து விடுபட்ட ரேடியோ ஒருவர்தான். வேகம் ஒத்துக்கொள்ளவில்லை, வெளியூரிலிருந்து யாரையாவது வரவழைக்கலாம், "நம்ம தலைவிதியை இந்தாளு கையிலயா குடுக்கறது" என்றாள். ரேடியோவே எழுந்து நின்று, "வேணாம்க்கா, என்னைப் போடாதீங்க, ஒரு சொல்லு தப்பிப்போனா எங்க மூஞ்சியை வெச்சுக்குவேன்" என்றார். மாலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவையே போடச் சொன்னேன். அன்று நாங்கள் மூவரும் எதிரே நிற்போம், என்னைப் பற்றி என்ன சொல்லப்படுகிறதோ அதை அவர் ஒருவர்தான் எழுதுவார், மதியம் பெஞ்சில் அவர் வாசிப்பதைத்தான் நான்கு பத்திரிகையும் போடும். என் பத்திரிகையும்.

நீ நல்லபடி பெற்றுப் பிழைத்து நிறைவாக இருக்க வேண்டும், பிறக்கிறது ஆணோ பெண்ணோ, யாருக்கும் பயப்படாத குரலோடு முதல் அழுகை அழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசி. விமான நிலையத்துக்கு அவரைச் சீக்கிரமே போய் நிற்கச் சொல். அப்பா கையில் ஃபோன் இருக்கும், பேச மாட்டார், வழியில் லிஃப்ட் ஏதாவது ஓடாமல் நின்றால் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
கையெழுத்தை இந்தக் கடிதத்துக்கு மட்டும் போடும்
உன் அம்மா